வெள்ளையடித்த வறுமை: அயர்லாந்துக் குடில்களும் நம் ரசனையும்

அயர்லாந்து என்றதும் இலக்கிய வாசகரின் மனத்தில் எழும் படம் பெரும்பாலும் ஒன்றுதான். பச்சைச் சரிவின் அடியில் வைக்கோல் வேய்ந்த ஒரு வெள்ளை வீடு. மேல்பாதி திறந்து கீழ்ப்பாதி சாத்தியிருக்கும் சிவப்பு அரைக்கதவு. உள்ளே அணையாத கணப்பு, அதன்மேல் இரும்புக் கொக்கியில் தொங்கும் கருத்த பானை, நீலப்பூத் தட்டுகள் அடுக்கிய அலமாரி, மூலையில் ராட்டை, ராட்டையின் அருகே கதை சொல்லும் ஒரு கிழவி. யேட்ஸ் வழியாகவும் சிஞ்ச் வழியாகவும் அத்தீவை அறிந்தவர்களுக்கு இப்படம் கிட்டத்தட்ட ஒரு பூர்வ வீடாகவே ஆகிவிட்டது.

இப்படத்தை முன்வைத்து எழுதப்படும் கட்டுரைகளுக்கு ஒரு நிலையான வாய்பாடு உண்டு. அவ்வீடுகள் சுற்றியிருந்த மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் எழுந்தவை. அவற்றின் தட்டுமுட்டுச் சாமான்களில் எளிமையும் தன்னிறைவும் இருந்தன. பிறகு சிமெண்டும் பங்களாவும் வந்தன. மக்கள் தம் அழகைத் தாமே தூக்கியெறிந்தார்கள். அயர்லாந்து தன் ஆன்மாவை இழந்தது. முடிவில் ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான்.

இந்த வாய்பாட்டை நான் மறுக்கிறேன். அவ்வீடுகள் அழகற்றவை என்று நான் சொல்ல வரவில்லை, அவை அழகானவைதான். ஆனால் அந்த அழகு எந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது என்பதை மறைத்துவிட்டு அதை ரசிப்பது ஒரு மோசடி. அந்த நெருக்கடியிலிருந்து தப்பித்து வெளியேறியவர்களை ரசனையற்றவர்கள் என்று பழிப்பது அதைவிடப் பெரிய மோசடி.

*

படங்களுக்கு எதிராக ஒரு பட்டியலை வைக்கிறேன். 1837இல் டோனகல் மாவட்டத்தின் க்வீடோர் பகுதியில் பள்ளி ஆசிரியராக இருந்த பாட்ரிக் மெக்கை, டப்ளினிலிருந்த வைஸ்ராய்க்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். தன் பங்கின் மக்கள் ஏறத்தாழ 4000 பேர் என்று சொல்லி, அவர்கள் அனைவரிடமும் சேர்த்து இருக்கும் பொருள்களை எண்ணிக் கொடுத்தார். ஒரு வண்டி. ஒரு கலப்பை. 20 மண்வாரிகள். உணவு மேசையில் பயன்படும் முள்கரண்டிகள் 7. நாற்காலிகள் 93. முதுகில்லாத சிறு இருக்கைகள் 243. இறகு மெத்தைகள் 2. பதர் அடைத்த மெத்தைகள் 8. கடிகாரம் ஒன்றுகூட இல்லை.

நாலாயிரம் பேருக்குப் பத்து மெத்தை. தொண்ணூற்று மூன்று நாற்காலி. ‘எளிமையான அறைகலன்’ என்று நாம் சிலாகிப்பதன் உண்மையான எண்ணிக்கை இது. இது ஒரு ஆசிரியரின் மிகை என்று ஒதுக்குபவர்கள், அரசே நியமித்த டெவன் பிரபுவின் விசாரணைக்குழு 1845இல் அளித்த அறிக்கையைப் பார்க்கலாம். பல மாவட்டங்களில் கூலிக்காரனுக்குப் படுக்கையும் கம்பளியும் அரிய ஆடம்பரங்கள் என்றே அதுவும் பதிவு செய்தது.

இந்தப் பட்டியலின் பிற்கால வாழ்க்கை இன்னும் சுவாரசியமானது. அது நமக்குக் கிடைப்பதற்குக் காரணம், அப்பகுதியின் நிலங்களை வாங்கி நிலச்சுவான்தார் ஆன லார்ட் ஜார்ஜ் ஹில் 1845இல் வெளியிட்ட சிறுநூலில் அதை அச்சிட்டதுதான். தான் வருவதற்குமுன் இவர்கள் எவ்வளவு கேவலமாக இருந்தார்கள், தான் வந்து எப்படித் திருத்தினேன் என்று காட்டுவதற்காக. அதே நூலில் டோனகலுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கான குறிப்புகளும் உண்டு. அவர் அங்கே ஒரு விடுதியும் கட்டியிருந்தார். வறுமையின் பட்டியலும் பயணிகளுக்கான வழிகாட்டியும் ஒரே அட்டைக்குள்! குடில் ரசனையின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

*

இன்று நாம் ‘மரபான ஐரிஷ் குடில்’ என்று எதைப் பார்க்கிறோம்? எஞ்சியதைப் பார்க்கிறோம். 1841ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. கடைசி வகுப்பு, மண்சுவர் எழுப்பிய ஒற்றை அறைக் குடிசை. அவை சுமார் 4 லட்சத்து 91 ஆயிரம். அதாவது அன்றைய வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல். பத்தாண்டுகள் கழித்து, 1851இல், அவை சுமார் 1 லட்சத்து 35 ஆயிரமாகக் குறைந்திருந்தன. இடையில் நடந்தது உருளைக்கிழங்குப் பஞ்சம். ஏறத்தாழ பத்து லட்சம் பேர் செத்தார்கள். அதற்குமேல் கப்பல் ஏறினார்கள். மூன்றரை லட்சம் குடிசைகள் பத்தே ஆண்டுகளில் இல்லாமல் போயின. கூரை போன மண்சுவர் சில மழைக்காலங்களில் மீண்டும் மண்ணாகிவிடும். எனவே அருங்காட்சியகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவர அங்கே பெரும்பாலும் எதுவும் இருக்கவில்லை.

மிஞ்சியவை கல்சுவர் வீடுகள். இரண்டு மூன்று அறைகளும் சன்னலும் உள்ளவை. அதாவது, அன்றைய கணக்கில் சற்று நன்றாக வாழ்ந்தவர்களின் வீடுகள். அவற்றை வைத்துக்கொண்டு ஏழைகளின் எளிய அழகைப் பற்றி எழுதுகிறோம். மிக ஏழைகளின் வீடு அந்தப் படத்தில் இல்லவே இல்லை. இன்னொன்று: ‘காட்டேஜ்’ என்ற சொல்லே வெளியிலிருந்து பார்ப்பவரின் சொல். அதில் வாழ்ந்தவர்களுக்கு அது வெறுமே வீடு. கிராமப்புறத்தில் காட்டேஜ் என்று வழங்கியது பெரும்பாலும், 1883ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு விவசாயக் கூலிகளுக்காக உள்ளாட்சி அமைப்புகள் கட்டிக்கொடுத்த ஓட்டு வீடுகளைத்தான். முதல் உலகப்போருக்குள் அப்படி 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்துவிட்டன. எந்தப் பயண அட்டையிலும் அவை இடம்பெறவில்லை. கூரை வைக்கோல் இல்லை அல்லவா!

*

இனி அந்த வீட்டுக்குள் இருக்கும் பொருள்களைப் பார்ப்போம். ரசிகர்களின் கண்ணால் அன்றி, அவற்றைச் செய்தவரின் கண்ணால்.

முக்காலியிலிருந்து தொடங்கலாம். நாற்காலிக்கு ஒரு கால் குறைந்த இந்தச் சிறு இருக்கை ஏன் எல்லா வீட்டிலும் இருந்தது? மேடும் பள்ளமுமான மண்தரையில் நான்கு கால் ஆடும், மூன்று கால் ஆடாது. ஏன் இவ்வளவு தாழ்வாக? புகைபோக்கி இல்லாத, அல்லது சரியாக இழுக்காத வீட்டில் புகை மேலே திரளும். கீழே உட்கார்ந்தவனுக்குத்தான் மூச்சு. ஏன் வைக்கோற்பிரி முறுக்கி நாற்காலிக்கு இருக்கை பின்னினார்கள்? காடுகள் என்றோ வெட்டப்பட்டுவிட்டன, மரம் அரிது. சதுப்பு நிலத்துக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கருத்துப்போன கருவாலியையும் தேவதாருவையும் தோண்டியெடுத்தார்கள். கடலோரத்தில் உடைந்த கப்பலின் பலகைகள் ஒதுங்கக் காத்திருந்தார்கள். கூரைக்குக் கிடைத்த மரத்தின் நீளமே வீட்டின் அகலத்தை நிர்ணயித்தது. ஓர் அறை அகலம், அதற்குமேல் இல்லை.

அகலமில்லாத அந்த அறையில் பத்துப் பேர் வாழ வேண்டும். ஆகவே ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலை பார்த்தது. பகலில் சாய்மானமுள்ள பெஞ்சாக இருக்கும் ‘செட்டில்’, இரவில் முன்பக்கம் விரிந்து ஒரு பெட்டிப் படுக்கையாகும். குழந்தைகளும், வழிப்போக்கனாக வந்த பிச்சைக்காரனும் அதில் உறங்கினார்கள். சாப்பாட்டு மேசை கீல் வைத்துச் சுவரோடு மடக்கப்பட்டது. தட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் சில வீடுகளில் கோழி அடைகாத்தது. அதன் கால்களுக்கு அடியில் சறுக்குக் கட்டைகள் பொருத்தப்பட்டன. ஈரத் தரையில் கால்கள் மக்கிப்போகும் என்பதால். வடமேற்கில், கணப்புக்குப் பக்கத்துச் சுவரைச் சற்று வெளியே பிதுக்கி முதியவர்களுக்கு ஒரு படுக்கை மாடம் அமைத்தார்கள். மேற்கில் பல வீடுகளில் மனிதரும் பசுவும் ஒரே கூரையின்கீழ் இருந்தார்கள். நெருப்பைப் பார்க்கும் பசு கூடுதலாகப் பால் தரும் என்றொரு நம்பிக்கையும் இருந்தது. பசுவின் உடற்சூடு இலவசம் என்பது நம்பிக்கை அல்ல, கணக்கு.

இதில் மேதைமை இல்லையா? இருக்கிறது. க்ளாடியா கின்மன்த் 1993இல் வெளியிட்ட ஐரிஷ் கிராமப்புற அறைகலன் பற்றிய நூல், இவற்றைக் கலை வரலாற்றுக்குள் கொண்டுவந்த முக்கியமான ஆய்வு. அதிலிருந்து நான் கற்ற ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பொருள்கள் எல்லாம் வண்ணம் பூசப்பட்டவை. மலிவான, பலவகை மரத்துண்டுகளைச் சேர்த்துச் செய்தவற்றுக்கு வண்ணம்தான் பாதுகாப்பும் அழகும். ஒரு வண்ணத்தின் மேல் இன்னொரு வண்ணம், தலைமுறை தலைமுறையாக. பாதிரியார் வீட்டுக்கு வந்து பூசை நடத்தும் நாளுக்கு முன்பாகச் சுவருக்குச் சுண்ணாம்பும் அலமாரிக்குப் புதுவண்ணமும் ஏறின. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்தாருக்கு இவற்றின்மேல் மோகம் வந்தபோது பழம்பொருள் வியாபாரிகள் என்ன செய்தார்கள்? காரத் தொட்டியில் முக்கி வண்ணம் முழுவதையும் உரித்தார்கள். வெறும் மரம்தான் ‘உண்மையான நாட்டுப்புற அழகு’ என்று வாங்குபவர்கள் நம்பினார்கள். அந்த வீட்டுப் பெண் தன் வாழ்நாள் முழுக்கத் தேர்ந்தெடுத்த நிறங்கள் சாக்கடையில் போயின. குடில் ரசனை தன் பொருளுக்குச் செய்வது எப்போதும் இதைத்தான். வாழ்ந்தவரின் கைத்தடத்தை உரித்துவிட்டு, மிஞ்சும் வெறும் மரத்துக்கு அது விலை வைக்கிறது.

*

‘வறுமை எங்கும் இருந்தது, அதற்காக அழகைக் குறை சொல்வதா’ என்று கேட்கலாம். இங்கே வறுமை ஓர் இயற்கை நிலை அல்ல என்பதுதான் விஷயம். நிலம் வேறொருவருடையது. அயர்லாந்தில் வீட்டைக் கட்டியது பெரும்பாலும் குத்தகைக்காரனேதான். ஆனால் அந்த வீடு நிற்கும் நிலத்தின் மேல் அவனுக்கு உரிமை இல்லை. பலரது குத்தகை ஆண்டுக்காண்டு நிலச்சுவான்தாரின் தயவில் நீடித்தது. வீட்டைத் திருத்தினால் குத்தகை உயரும் என்ற அச்சம் பரவலாக இருந்தது. அது எத்தனை முறை உண்மையில் நடந்தது என்பதில் வரலாற்றாய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த அச்சம் உண்மை. அதன் நிழலில்தான் மக்கள் வீடு கட்டினார்கள்.

பஞ்சத்தின் நடுவில், 1847இல், கால் ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்றொரு விதி சட்டத்தில் சேர்க்கப்பட்டது. சாப்பாடு வேண்டுமானால் நிலத்தை விடு; நிலத்தை விட்டால் வீட்டையும் விடு. காலி செய்தவர்கள் திரும்பி வந்துவிடாமல் இருக்க உத்தரத்தை அறுத்துக் கூரையைச் சரித்தார்கள். இந்த விதியைக் கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி. பின்னாளில் 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநராக இருந்து கொழும்பு அருங்காட்சியகத்தை நிறுவிய அதே கிரெகரிதான். அவருடைய மனைவி, அவர் மறைவுக்குப் பின் யேட்ஸோடு சேர்ந்து ஆபி தியேட்டரை நிறுவிய லேடி கிரெகரி. கணவரின் விதி ஆயிரமாயிரம் குடில்களின் கூரையை இறக்கியது. மனைவியின் அரங்கம் அதே குடிலின் அடுக்களையை மேடையில் ஏற்றியது. லேடி கிரெகரியின் பணியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மேடையை ரசிக்கும் நாம் இந்த இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1880களின் வெளியேற்றங்களைப் பதிவு செய்த புகைப்படங்கள் டப்ளின் தேசிய நூலகத்தின் லாரன்ஸ் தொகுப்பில் இருக்கின்றன. சுவரை இடிக்கும் முட்டுமரம், காவலர்கள், வெளியே முற்றத்தில் குவிந்துகிடக்கும் வீட்டுச் சாமான்கள். ஐரிஷ் அறைகலனைப் பார்க்க விரும்புகிறவர்கள் அருங்காட்சியகத்துக்குப் போவதற்குமுன் இவற்றைப் பார்க்க வேண்டும். அவை நாம் ரசிக்கும் அதே பொருள்கள்தான். மேலே கூரை மட்டும் இல்லை.

நிலம் கைக்கு வந்தபோது அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னும் முக்கியம். 1903ஆம் ஆண்டின் நிலம் வாங்கும் சட்டம் குத்தகைக்காரர்களைப் பெருமளவில் உடைமையாளர்களாக்கியது. உடனே பலர் சன்னலை அகலமாக்கினார்கள். மண்தரைக்குமேல் தளம் போட்டார்கள். கையில் காசிருந்தவர்கள் வைக்கோலை இறக்கிவிட்டுக் கற்பலகை ஓடு வேய்ந்தார்கள். எளிமை அவர்கள் தேர்ந்தெடுத்த தத்துவம் என்றால், தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைத்த நாளிலிருந்து அதை ஏன் கைவிட்டார்கள்?

*

வீட்டார் கைவிடத் தொடங்கிய அதே காலத்தில்தான் மற்றவர்கள் அதைப் பொறுக்கிக்கொண்டார்கள். 1910இல் ஆகில் தீவுக்குச் சென்ற ஓவியர் பால் ஹென்றியின் குடில்களும் மலைகளும் 1920களில் ரயில்வே விளம்பரச் சுவரொட்டிகள் ஆயின. 1943இல் செயின்ட் பாட்ரிக் நாளன்று டி வலேரா வானொலியில் கதகதப்பான கிராம வீடுகளின் அயர்லாந்தைக் கனவு கண்டார்; 1951க்கும் 1961க்கும் இடையில் நான்கு லட்சம் பேர் அந்தக் கனவிலிருந்து இங்கிலாந்துக்கும் பிற நாடுகளுக்கும் வெளியேறினார்கள். 1952இல் ஜான் ஃபோர்டின் ‘தி க்வயட் மேன்’ அமெரிக்காவிலிருந்து திரும்பி வரும் மகனுக்கு ஒரு வெள்ளைக் குடிலைப் பரிசளித்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து ஜான் ஹைண்டின் வண்ண அஞ்சலட்டைகள் வந்தன: சிவப்புத் தலைமுடிச் சிறுவன், சிறுமி, கழுதை, அதன் முதுகுக் கூடையில் எரிபொருளாக வெட்டிய கரிமண் கட்டிகள். முன்னால் அழகில்லாத ஏதாவது இருந்தால் ஒரு பூச்செடியை வெட்டிவந்து மறைத்துவிட்டுப் படமெடுப்பது அவர் வழக்கம். அந்தப் பூச்செடிதான் நம் ரசனை.

ஐரிஷ் எழுத்தாளர்களில் சிறந்தவர்கள் இதற்கு மயங்கவில்லை. சிஞ்சின் ‘கடலை நோக்கிச் செல்பவர்கள்’ நாடகத்தின் அடுக்களையில் வலையும் ராட்டையும் இருக்கின்றன. கூடவே சுவரோரம் சாய்த்து வைத்த புதுப் பலகைகளும் இருக்கின்றன. அவை சவப்பெட்டிக்கு வாங்கியவை. மரமில்லாத தீவில் ஒரு தாய் முன்கூட்டியே விலை கொடுத்து வாங்கிவைக்கும் அறைகலன் அது. மயில்ஸ் நா கோபலீன் 1941இல் ஐரிஷ் மொழியில் எழுதிய ‘ஆன் பேல் பொக்ட்’ நாவலில், நகரத்திலிருந்து வரும் நாட்டாரியல் அறிஞர் குடிலில் ஒரு பன்றியின் உறுமலைத் தூய கேலிக் மொழி என்று பதிவு செய்துகொண்டு பரவசத்தோடு திரும்புகிறார். பாட்ரிக் கவனாவின் ‘பெரும்பசி’ 1942இல் வந்தது. மண்ணோடு இயைந்த வாழ்வு ஒரு மனிதனின் உடலையும் ஆசையையும் எப்படித் தின்கிறது என்று அந்தக் கவிதை காட்டியது. இவர்களை வாசித்துவிட்டும் அஞ்சலட்டையை மட்டுமே நினைவில் வைத்திருப்பது வாசிப்பின் தோல்வி.

*

கடைசியாகப் பங்களா. 1971இல் ஜாக் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்பவர் ‘பங்களோ ப்ளிஸ்’ என்றொரு வரைபடப் புத்தகத்தை வெளியிட்டார். கட்டடக் கலைஞருக்குக் கூலி கொடுக்க வசதியில்லாத கிராமத்துக் குடும்பம் அதில் ஒரு வரைபடத்தைத் தேர்ந்தெடுத்து வீடு கட்டிக்கொள்ளலாம். பதிப்புமேல் பதிப்பாக விற்றது. 1987இல் ஃப்ராங்க் மெக்டொனால்ட் ‘ஐரிஷ் டைம்ஸ்’ இதழில் இதைக் கடுமையாகத் தாக்கினார். சாலையோரமெங்கும் வரிசையாக முளைத்த வீடுகள், கழிவுநீர்த் தொட்டிகளால் கெடும் நிலத்தடி நீர் என்று அவர் தரப்பில் நியாயமான வாதங்கள் உண்டு. அவற்றை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த விமரிசனத்தைக் கடன்வாங்கிய ரசிகர்கள் பேசியது நீரைப் பற்றி அல்ல, ரசனையைப் பற்றி. கிராமத்தான் தூண் வைக்கிறான், வளைவு வைக்கிறான், அவனுக்கு அழகு தெரியவில்லை என்ற ஏளனத்தைப் பற்றி.

கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் பணி 1946இல்தான் தொடங்கியது. குழாய்நீர் அதற்கும் பின்னால் வந்தது; 1960களில்கூட ஏராளமான கிராமத்துப் பெண்கள் கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் வாளி சுமந்தார்கள். அவர்களுக்குப் பங்களா என்பது வீட்டுக்குள் ஒரு குளியலறை, ஈரம் ஏறாத ஒரு தரை, பெண்பிள்ளைகளுக்குக் கதவுள்ள ஓர் அறை. அஞ்சலட்டையை வாங்குகிறவன் தன் நகரத்து வீட்டில் இவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டுதான் அவர்களை ஏளனம் செய்தான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பங்களா என்ற சொல் வங்காளத்திலிருந்து போனது. முதலில் அது குறித்தது அங்கிருந்த கூரை வேய்ந்த எளிய வீட்டைத்தான். ஒரு நாட்டின் கூரைவீட்டை இன்னொரு நாட்டின் கூரைவீடு கெடுத்துவிட்டதாம்!

அப்படியானால் அக்குடில்கள் அழியட்டும் என்கிறேனா? இல்லை. காப்பாற்றப்பட வேண்டியவை உண்டு. ஆனால் அவை காட்சிகள் அல்ல, அறிவுகள். மேற்குக் கடலோரத்தின் காற்றுக்குக் கூரையைக் கயிறால் கட்டுவதும், உள்நாட்டில் வளைத்த குச்சிகளால் தைப்பதும் இரண்டு வேறு அறிவுகள். இன்றைய அறுவடை இயந்திரம் வைக்கோலை நொறுக்கிவிடுகிறது. ரசாயன உரத்தில் வளர்ந்த தாள் சீக்கிரம் மக்குகிறது. எனவே வேய்வதற்கு நாணல் வெளிநாடுகளிலிருந்து வருகிறது. சுண்ணாம்பு பூசிய சுவர் மூச்சுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். கூரைவீட்டுக்குத் தீக்காப்பீடு கிடைப்பதே அரிதாகிவிட்டதென்று உரிமையாளர்கள் முறையிடுகிறார்கள். அயர்லாந்து அரசு 2021 டிசம்பரில் நாட்டார் கட்டடங்களுக்கென ஒரு கொள்கை அறிக்கையை வெளியிட்டது. குடிலை நேசிப்பவர்கள் பேச வேண்டியது இவற்றைப் பற்றி: வேய்பவருக்கு என்ன கூலி, அந்தக் கூலியை யார் கொடுப்பது, உள்ளே வாழ்பவரின் குளிர்காலத்தை யார் பொறுப்பேற்பது. தன் காசைப் போடாமல் அடுத்தவன் கூரையில் வைக்கோல் வேண்டும் என்று கேட்பதற்குப் பெயர் மரபுப்பற்று அல்ல.

குடிலை நேர்மையாகக் காட்டும் ஓர் இடம் எனக்குத் தெரியும். அது அயர்லாந்தில் இல்லை. நியூயார்க்கின் பாட்டரி பார்க் பகுதியில் 2002இல் திறக்கப்பட்ட பஞ்ச நினைவிடம் அது. மேயோ மாவட்டத்திலிருந்து ஒரு கல்வீட்டைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். கூரை இல்லை. கணப்பில் நெருப்பு இல்லை. அலமாரியில்லை, நீலப்பூத் தட்டுகளில்லை, கதை சொல்லும் கிழவியும் இல்லை. சுற்றிலும் விதைத்துவிட்ட நிலத்தின் அளவு கால் ஏக்கர். கிரெகரி விதித்த அதே கால் ஏக்கர். ரசிப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. அந்த வெறுமைக்குள் நின்று பார்த்த பிறகும் அஞ்சலட்டை அழகாக இருக்கிறது என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அவர்களோடு எனக்கு விவாதம் இல்லை.